முந்நூறு அடிக்கு ஓர் எஞ்சின்

ரோண்டா க்ரீஷாப்பிடம் எஞ்சினைக் காட்டப் போனால் முதலில் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், வைத்தியம் அப்புறம்தான். நியூ ஆல்டன்பர்க் பள்ளிக்கூடத்து பஸ் ஷெட்டில் முப்பத்தோரு வருஷமாக அவள்தான் மெக்கானிக். இருபத்திரண்டு மஞ்சள் பஸ். அவள் காலத்தில் ஒன்றுகூட எஞ்சின் போய் நடுரோட்டில் பிள்ளைகளை இறக்கிவிட்டதில்லை. ஜனவரிக் குளிரில் எஞ்சின் சூடேறுமுன் விரட்டுகிற டிரைவரைக் கண்டால், பனியென்றும் பார்க்காமல் வாசலுக்கே வந்துவிடுவாள். உன் பெண்டாட்டியைப் படுக்கையிலிருந்து எழுப்பின கையோடு ஓடச் சொல்வாயா என்று கேட்பாள். டிரைவர்களில் பாதிப் பேர் பெண்கள். அவர்களிடமும் அதே கேள்விதான்.

அப்பேர்ப்பட்டவளுக்குக் கோடைச் சனிக்கிழமை வந்தால் புத்தி மாறிவிடும். தன்னுடைய பச்சை டீசல் பிக்கப்பை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு எந்தக் கவுண்டியில், அதாவது எந்த ஜில்லாவில், திருவிழாவோ அங்கே போய் நிற்பாள். அங்கே பாரவண்டி காத்திருக்கும். இழுக்க இழுக்கக் கனக்கிற சனியன் அது. பின்சக்கரத்து மேலிருக்கும் இரும்புப் பெட்டி, வண்டி நகர நகர முன்னால் ஏறி வந்து மூக்கைத் தரையில் அழுத்தும். மண்தடம் முந்நூறு அடி. பிக்கப்பின் பின்னால் அதைக் கொக்கியில் மாட்டி, யார் அதிக தூரம் இழுக்கிறாரோ அவருக்குக் கோப்பை. மொத்தக் கூத்தும் பன்னிரண்டு விநாடியில் முடிந்துவிடும்.

தொழிற்பள்ளியில் டீசல் வகுப்புக்குப் போன ஒரே பெண் அவள். பக்கத்து மேஜையில் கர்ட் போல்மன். நீ கொக்கி மாட்டினால் என் தொப்பியைத் தின்கிறேன் என்று அவன் ஒரு தடவை வாயை விட்டான். அவள் மாட்டினாள். நூற்று அறுபது அடி. தொப்பியை அவன் தின்னவில்லை, ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பன்றிக்கறி சாண்ட்விச் வாங்கித் தந்தான். அதிலிருந்து முப்பது வருஷம் இருவரும் ஒரே தடத்தில் சண்டை போட்டுக்கொண்டே சிநேகிதமாக இருந்தார்கள். கர்ட் பன்றிப் பண்ணைக்காரன். பன்றி விலை ஏறினால் அவன் எஞ்சின் பெரிதாகும், விலை இறங்கினால் வாய் பெரிதாகும்.

அந்தப் பன்னிரண்டு விநாடிக்காக எங்கள் பக்கத்து ஆட்கள் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. முதலில் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவைப் பெரிதாகப் போட்டார்கள். அந்த வேகத்துக்குப் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்தது, கனத்த ராடு போட்டார்கள். ராடு தாங்கியது, எஞ்சினின் உடம்பான பிளாக் விரிசல் விட்டது. அப்புறம் எவனோ ஒரு புண்ணியவான் முழு அலுமினியப் பாளத்தைக் குடைந்து செய்த பிளாக்கை வாங்கிக்கொண்டு வந்தான். அந்த விலைக்கு எங்கள் ஊரில் நல்ல வீடே கிடைக்கும். வீடாவது ஆயுசுக்கும் நிற்கும், இது முப்பது தடவை கொக்கி மாட்டத் தாங்கினால் பெரிது. ஆனாலும் ஒருவன் வாங்கினால் அடுத்தவன் சும்மா இருப்பானா? வாங்க முடியாதவர்கள் ஒவ்வொருவராக வண்டியை ஷெட்டில் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிற பலகை வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். இருபத்து மூன்று வண்டி ஓடிய பந்தயப் பிரிவில் நாலு மிஞ்சியது.

கர்டும் அந்த அலுமினியம் வாங்கினவன்தான். ஒரே கோடையில் இரண்டு எஞ்சினை வெடிக்க வைத்தான். இரண்டாவது வெடித்த அன்று வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் யாரோடும் பேசாமல் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரோண்டா தூரத்திலிருந்து அதைப் பார்த்தாள். இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது.

ஜனவரியில் தீயணைப்பு நிலையத்துப் பின்னறையில் இழுப்புப் பந்தயக்காரர் சங்கக் கூட்டம். ரோண்டா எழுந்து தன் யோசனையைச் சொன்னாள். ஒரு சீசனுக்கு ஒரே எஞ்சின். கம்பெனியில் வார்த்த சாதா இரும்பு பிளாக்தான் இருக்க வேண்டும், டர்போ எல்லோருக்கும் ஒரே அளவு. ஏப்ரலில் எஞ்சினை மேலே மூடும் ஹெட்டின் போல்ட்டிலும் கீழே மூடும் ஆயில் சம்ப்பின் போல்ட்டிலும் துளை போட்டுக் கம்பி கோத்து ஈயச் சீல் வைத்துவிட வேண்டும். ஆகஸ்ட் கடைசித் திருவிழா வரைக்கும் யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது. கம்பியை அறுத்தால் ஆட்டத்தில் இல்லை. எஞ்சினை வெடிக்க விடாமல் கொண்டுவருகிறவன்தான் ஆள் என்று ஆக்கிவிட்டால், பலகையில் உட்கார்ந்திருக்கிறவர்களும் திரும்பி வருவார்கள் என்றாள்.

கர்ட் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சிரித்தான்.

"அப்படியே மஞ்சப் பெயிண்டும் அடிச்சிரலாமே ரோண்டா. போற வழியில நாலு பிள்ளைங்கள ஏத்திக்கிட்டா டீசல் காசாவது தேறும்."

அறையே குலுங்கிற்று. ரோண்டாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. 

"பஸ்ஸுன்னா போன எடத்துலேருந்து தானா திரும்பி வரும்டா. உன்னுது ரெண்டு தடவையும் கயிறு கட்டித்தானே வந்துச்சு?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கர்டின் முகத்தில் ஈயாடவில்லை. சொன்ன வாயை மூடுமுன்பே அவளுக்குத் தப்பென்று தெரிந்துவிட்டது, ஆனால் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவர்களுக்குள் கிடையாது. அன்றிலிருந்து பேச்சு நின்றது.

யோசனை மட்டும் நிறைவேறிற்று. ஆனால் திருவிழாக் கமிட்டி ஒரு நிபந்தனை போட்டது. கடைசித் திருவிழாவில் சீல் உடையாத வண்டி குறைந்தது ஆறு கொக்கி மாட்டிப் பாரவண்டியை நகர்த்த வேண்டும். ஐந்துதான் வந்தால் அடுத்த வருஷம் அந்த நேரத்தைப் புல்வெட்டும் வண்டிப் பந்தயத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். புல்வெட்டும் வண்டி! கேட்கவே எங்களுக்கெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நிபந்தனையை எழுதிக்கொண்டவர் மார்வின் ஹோமன். பெட்ரோல் பங்க்குகளில் அளவு சோதிக்கிற சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அரை ஸ்பூன் குறைந்தாலும் பம்புக்குப் பூட்டுப் போட்ட மனுஷன். சீல் வைக்க அவரைவிட்டால் ஆள் ஏது?

ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பதாவது கர்ட். இரண்டு அலுமினியமும் போனபின் அவனிடம் மிச்சமிருந்தது பழைய இரும்பு பிளாக் ஒன்றுதான். போட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனான்.

இனி ரோண்டா செய்த காரியத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் இதை வெளியில் சொன்னால் வெட்கக்கேடு.

சாதா இரும்பு பிளாக்கில் சிலிண்டர் சுவர் மெலிசு. வேகம் கொடுத்தால் அதிரும். அதனால் எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் பாதிக்கு மேல் சிமெண்ட் மாதிரி ஒரு கலவையை ஊற்றிக் கல்லாக்கிவிடுவோம். பன்னிரண்டு விநாடிக்குத் தண்ணீர் எதற்கு? ஆனால் ஊற்றுமுன் பிளாக்கின் தலையில் இரண்டங்குலத் தடிமனான இரும்புத் தகடு ஒன்றை வைத்து, ஹெட்டை இறுக்குவது போலவே முழு இறுக்கமாக இறுக்கிவிட வேண்டும். கலவை இறுகும் வரை தகட்டைக் கழற்றக் கூடாது. தகடு இல்லாமல் ஊற்றினால், பிளாக் தளர்ந்த வாக்கில் கல் இறுகிப் போகும். அப்புறம் ஹெட்டைப் போட்டு இறுக்கும்போது வட்டமான சிலிண்டர் கோணிக்கொள்ளும். பூட்ஸ் கயிறு கட்டுவது போல எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது.

மொத்தக் கவுண்டிக்கும் அந்தத் தகடு ஒன்றுதான். யார் வாங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. கடைசியாக வேலை செய்தவன் வீட்டில் கிடக்கும். வேண்டுமென்றால் அவனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அவனே கொண்டுவந்து இறக்கிவைத்துவிட்டுப் போவான். அதுதான் வழக்கம்.

மார்ச்சில் தகடு கர்ட் வீட்டில் இருந்தது.

ரோண்டா போனை எடுத்தாள், வைத்தாள். மறுபடியும் எடுத்தாள், வைத்தாள். திங்கட்கிழமை பஸ்களைச் சோதிக்க மாநிலப் போலீஸ் வருகிறது, அதற்கப்புறம் மூன்று வாரம் மூச்சுவிட நேரமிருக்காது. இருக்கிறது அந்த ஒரு சனி ஞாயிறுதான். இரும்பு அசையவா போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த வார்த்தையை வேறு யாராவது அவளிடம் சொல்லியிருந்தால் உயிரோடு ஷெட்டைத் தாண்டியிருக்க முடியாது. கலவையைப் பதமாகக் கரைத்து ஊற்றினாள். குமிழி போக ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே ஊற்றினாள். எல்லாம் முறைப்படி செய்தாள், தகட்டை மட்டும் வைக்கவில்லை. ஏப்ரலில் மார்வின் வந்து சீல் வைத்துவிட்டுப் போனார்.

ஜூனில் முதல் திருவிழா முடிந்ததுமே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. எஞ்சின் மூச்சுவிடுகிற குழாயின் முனையில் ஒரு புட்டி கட்டியிருக்கும். பிஸ்டனின் ரிங் சிலிண்டரைச் சரியாகப் பிடிக்காமல் காற்று கீழே இறங்கினால் அது ஆயிலையும் தள்ளிக்கொண்டு அந்தப் புட்டிக்கு வரும். முதல் வாரம் ஒரு ஸ்பூன் வந்தது. மூன்றாம் வாரம் ஒரு காபிக் கோப்பை. மெதுவாக ஓடும்போது நீலப்புகை வேறு. கோணல் மூன்றாவது சிலிண்டரில் என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். ஊரார் எஞ்சினுக்கெல்லாம் நாடி பிடிக்கிறவள், தன்னுடையதற்கு என்ன வியாதி என்று தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

புருஷன் லைலிடம் மட்டும் சொன்னாள். அவன் பால் டேங்கர் ஓட்டுகிறவன், வாரத்துக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"கம்பிய அறுத்துட்டு சரிபண்ணிரேன்," என்றான்.

"அறுத்தா ஒண்ணு கொறஞ்சிரும் லைல். கொண்டாந்தவளே மொதல்ல அறுத்தான்னு ஆயிரும்."

லைல் தலையை ஆட்டினான். மறுநாள் அதைவிடப் பெரிய புட்டியாகப் பார்த்து வாங்கிவந்து கட்டிவிட்டான்.

அந்தக் கோடை முழுக்க ரோண்டா பாதி டீசல்தான் கொடுத்தாள். நூறு அடி, நூற்றிருபது அடி. ஒவ்வொரு வாரமும் கடைசி. கொள்கைக்காக அடக்கி ஓட்டுகிறாள் என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள். பார், எஞ்சினை எப்படிப் பிள்ளை மாதிரி வைத்துக்கொள்கிறாள் என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு அவளுக்கு முள்ளாகக் குத்தியது. திட்டினால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் அவள் யோசனை பலித்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் எஞ்சினெல்லாம் ஓடின, அதுதான் அதிசயம். வாரா வாரம் கொக்கி மாட்டினார்கள், இழுத்தார்கள், தாமே ஓட்டிக்கொண்டு திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அந்த வருஷம் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஏரிக்குப் போனார்கள். பலகை வரிசையில் உட்கார்ந்திருந்த பழைய ஆட்கள் இறங்கி வந்து, பானெட்டுக்குள் தலையை விட்டு, இது எந்த டர்போ, என் வீட்டில் ஒரு பிளாக் கிடக்கிறதே என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். அதைப் பார்க்கும்போது மட்டும் ரோண்டா புட்டியை மறந்துவிடுவாள்.

ஒன்பதில் மூன்று போயிற்று. ஒருவன் கேஸ்கட் மாற்றக் கம்பியை அறுத்தான். ஒருவனுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து வண்டியை விற்றான். ஒருவன் வேலை கிடைத்து டெக்சஸ் போய்விட்டான். ஆகஸ்ட் கடைசியில் சரியாக ஆறு வண்டி. அதில் ஒன்று ரோண்டாவுடையது.

கடைசித் திருவிழா சனிக்கிழமை மத்தியானம். நல்ல வெயில். தடத்தில் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டியிருந்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் ரோண்டாவுக்கு ஆறாவது இடம். எஞ்சினைச் சூடேற்ற ஐந்து நிமிஷம் ஓட்டினாள். புட்டி பாதி நிறைந்துவிட்டது. அடியில் ஏதோ டக் டக்கென்று மெல்லிசாகத் தட்டவும் செய்தது. நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதற்கு மேல் இந்த எஞ்சினை இழுக்கவிட்டால் அது கொலை. முப்பத்தோரு வருஷத்தில் தெரிந்தே ஓர் எஞ்சினை அவள் கெடுத்ததில்லை. இழுக்காவிட்டால் ஐந்துதான். புல்வெட்டும் வண்டிக்காரர்கள் அடுத்த வருஷத் தேதியை அப்போதே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னலருகே நிழல் விழுந்தது. கர்ட். எட்டு மாசமாகப் பேசாதவன், மூக்கை விடைத்து மோந்துகொண்டு நின்றான்.

"சத்தம் கேட்டுச்சு. மூணாவது சிலிண்டரா?" என்றான்.

அவள் பொய் சொல்லியிருக்கலாம். ஆயில் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டேன் என்றால் போதும்.

"மூணாவதுதான். தகடு வைக்காம ஊத்திட்டேன்."

கர்ட் அவளையே பார்த்தான். அவனுக்குக் காது சரியாகக் கேட்டதா என்பது போல.

"நீயா?"

"தகடு உன்கிட்ட இருந்துச்சு. கேக்க மனசு வரல."

கர்ட் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான், ஆனால் கோபமாக இல்லை.

"ஒரு போன் பண்ணிருந்தா அஞ்சு நிமிஷத்துல கொண்டாந்து எறக்கிருப்பேனே. நீ கேப்பேன்னு ரெண்டு வாரம் அத வண்டியிலேயே வச்சிட்டுத் திரிஞ்சேன், தெரியுமா உனக்கு?"

கயிறு கட்டி வந்ததைச் சொல்லிக் காட்டியிருக்கக் கூடாது என்றாள். நீ சொன்னது நிஜம்தானே, அதனால்தான் எரிந்தது என்றான் அவன். அவ்வளவுதான், எட்டு மாசத்து வீம்பு அதோடு தீர்ந்தது.

அதற்கப்புறம் இருவரும் தொழிற்பள்ளி மேஜையில் நின்ற மாதிரி பானெட்டில் சாய்ந்துகொண்டு யோசித்தார்கள். விதியில் நகர்த்த வேண்டும் என்றுதான் இருக்கிறது, இத்தனை அடி என்று இல்லை. மார்வினின் கொடி பத்தாவது அடியில் நிற்கும், அதைத் தாண்டினால் நகர்ந்ததாகக் கணக்கு. சும்மா மெதுவாக இழுத்தால் பாரவண்டி அசையாது, டர்போ ஏறினால்தான் அசையும். ஏற்றிவிட வேண்டும், நகர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். இரண்டு விநாடி. அதை எஞ்சின் தாங்கும்.

"பத்தடி போதும் ரோண்டா," என்றான் கர்ட். "கொடியத் தாண்டினதும் கால எடுத்துரு. பிளாக்கையாவது காப்பாத்திக்கலாம். கொடஞ்சு சரிபண்ணிரலாம், நானே வந்து நிக்கிறேன்."

சரியென்றாள். மனசாரத்தான் சொன்னாள், அதில் சந்தேகமில்லை.

ஐந்து வண்டிகள் இழுத்தன. இருநூற்று ஐம்பது, இருநூற்று எழுபது என்று போயிற்று. கர்ட் இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. ஐந்தும் தாமே ஓடித் திரும்பின. உடைந்த வண்டியைக் கட்டி இழுக்க வைத்திருக்கும் டிராக்டரின் டிரைவர் வேலையில்லாமல் எலுமிச்சைச் சர்பத் குடித்துக்கொண்டிருந்தான். பலகை வரிசையில் கூட்டம் கைதட்டிக்கொண்டே இருந்தது. அப்படி ஒரு மத்தியானத்தை நாங்கள் பார்த்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆறாவதாக ரோண்டா. லைல் கொக்கியை மாட்டிவிட்டு வேலியோரம் போய் நின்றான். பச்சைக் கொடி விழுந்தது. அவள் மெதுவாக மிதித்தாள். டர்போ சீறி ஏறியது. சங்கிலி விறைத்தது. முன்சக்கரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, பின்டயர் இரண்டும் மண்ணைக் கவ்விக்கொண்டு, பாரவண்டி புறப்பட்டது. பத்தாவது அடிக் கொடியை அவள் பார்த்தாள். அது ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தது, பின்னால் போனது.

அவள் காலை எடுக்கவில்லை.

அப்புறம் எத்தனையோ பேர் கேட்டார்கள், அவளால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. வண்டி நேராகப் போயிற்றாம். இடமும் வலமும் அலையாமல், ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்தாலே போதும் போலிருந்ததாம். கோடை முழுக்கப் பாதி மூச்சில் ஓடிய எஞ்சின் அன்றைக்குத்தான் வாயைத் திறந்து பாடிற்றாம். ஐம்பது அடி, நூறு அடி. வேலியில் கர்ட் இரண்டு கையையும் ஆட்டி நிறுத்து நிறுத்து என்று கத்தினான். அவள் அதைப் பார்க்கவில்லை. நூற்று எண்பதைத் தாண்டும்போது கூட்டம் எழுந்து நின்றது. கர்டின் கத்தலும் மாறிவிட்டது, போ போ என்று அவனே கத்திக்கொண்டிருந்தான். பிறகு அதை அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை.

இருநூற்றுப் பதினாலாவது அடியில் எஞ்சின் போனது. பீரங்கி மாதிரி ஒரு சத்தம், கறுப்பு ஆயில் இடதுபக்கம் மண்ணில் கொட்டியது, வெள்ளைப் புகை வண்டியையே மறைத்துவிட்டது. தீயணைப்புக்காரர்கள் ஓடினார்கள். புகைக்குள்ளிருந்து ரோண்டா தானே கதவைத் திறந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தபடி நின்றாள்.

முதலில் வந்தவன் கர்ட். "பத்தடின்னுதானே சொன்னோம்? ஏன் கால எடுக்கல?"

"நல்லா இழுத்துச்சு கர்ட்," என்றாள். "அவ்வளவு நல்லா இழுத்துச்சு." சொல்லிவிட்டு அழுதாள். ஊரே பார்க்க, வயசைப் பார்க்காமல், முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதாள். ஓர் எஞ்சினைத் தெரிந்தே கொன்றோம் என்ற துக்கமும் இருந்தது, இத்தனை நாள் சுமந்த பொய் இறங்கின நிம்மதியும் இருந்தது, இழுத்த சுகமும் இருந்தது. லைல் வந்து அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றான்.

மார்வின் டார்ச்சோடு வந்து ஆயில் மண்ணில் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தார். எழுபது வயசு மனுஷன். வெகுநேரம் வெளியே வரவில்லை. பிளாக்கின் இடதுபக்கத்தில் முஷ்டி நுழைகிற அளவு ஓட்டை. அதன் வழியாக முறிந்த ராடு கையை நீட்டிக்கொண்டிருந்தது. திருவிழாக் கமிட்டிக்காரர் ஒருவர், வெள்ளைத் தொப்பி, ஓட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எஞ்சினே ரெண்டாகக் கிடக்கிறது, இதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது, ஐந்துதானே என்றார்.

மார்வின் மெல்ல வெளியே வந்தார். முதுகைத் தட்டிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மனசுக்குள் படித்தார்.

"எஞ்சின் முழுசா இருக்கணும்னு இதுல எங்கயும் எழுதல," என்றார். "சீல் முழுசா இருக்கணும்னுதான் இருக்கு. ரெண்டு கம்பியையும் இழுத்துப் பாத்துட்டேன். சீல் இருக்கு. பாரவண்டி நகந்துச்சு." பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார். "ஆறு."

கத்தலென்றால் அப்படி ஒரு கத்தல். தொப்பிகள் பறந்தன. ஒலிபெருக்கிக்காரன் சொல்ல வந்ததே காதில் விழவில்லை. சர்பத் குடித்துக்கொண்டிருந்த டிராக்டர்க்காரன் ஒருவழியாக வேலை வந்ததென்று கயிற்றோடு வந்தான். கர்ட் அவன் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டான். பச்சை வண்டியைத் தன் வண்டியில் தானே கட்டி, நடை வேகத்தில் கூட்டத்தின் முன்னால் இழுத்துப் போனான். கயிறு கட்டி வந்ததற்கு அத்தனை கைதட்டல் எங்கள் கவுண்டியில் அன்றைக்குத்தான் விழுந்தது.

சாயங்காலம் மாட்டுக் கொட்டகை நிழலில் மார்வின் ஒரு மேஜையைப் போட்டு அடுத்த வருஷத்துப் பட்டியலை விரித்தார். பெயர், வண்டி, எஞ்சின் எண். ரோண்டா முகத்தைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். அதில் ஆறு பேர் பலகை வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள். அவள் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். அப்புறம் பேனாவை வாங்கித் தன் பெயரைப் பன்னிரண்டாவதாக எழுதினாள். வண்டி, பச்சை பிக்கப் என்று எழுதினாள். மூன்றாவது கட்டத்தில் கை நின்றது.

"அந்தக் கட்டத்த சும்மா விடக் கூடாது," என்றார் மார்வின். "வெறுமையா இருந்தா நான் சேத்துக்க முடியாது."

ரோண்டா அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நெருக்கி நெருக்கி எழுதினாள்: தேடிக்கிட்டிருக்கேன்.

மார்வின் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். எண் என்று கேட்ட இடத்தில் எழுத்து இருந்தது. சர்க்கார் வேலையில் இருந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பார். ஓரத்தில் தன் கையெழுத்தைச் சின்னதாகப் போட்டார்.

"கெடச்சதும் சொல்லு," என்றார். "கம்பிய எடுத்துட்டு வர்றேன்."